ஒரு ராத்தல் பாணும் ஆங்கில இலக்கணமும்

ஆங்கிலத்திலே உணவுப் பொருள்களின் பெயர்கள் இரண்டு வகுப்பாகப் பிரிந்து நிற்கின்றன. முட்டை, வாழைப்பழம், பிஸ்கட் முதலியவை எண்ணத்தக்கவை. சோறு, பாண், சீனி, பால், மா முதலியவை எண்ணத்தகாதவை. முன்னவற்றிற்கு முன்னால் 'எ' அல்லது 'அன்' என்னும் சிறு சொல் நிற்கும், பின்னால் பன்மையைக் காட்டும் 'ஸ்' வரும், எத்தனை என்று கேட்க 'மெனி' வேண்டும். பின்னவற்றிற்கு இவை ஒன்றும் ஆகா, எவ்வளவு என்று கேட்க 'மச்' வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களிலுள்ள தோட்டப் பாடசாலைகளில் மூன்றாம் வகுப்பிலே ஆங்கிலத்தைத் தொடங்கி, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வரையில் வந்து சேர்கிற ஒரு பிள்ளை, இத்தனை வருஷங்களாக இவ்விதியைக் கேட்டும் எழுதியும் மனனஞ் செய்தும், பரீட்சை மண்டபத்தில் உட்காரும்போது 'பிரெட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'எ' போடலாமா கூடாதா என்று இன்னும் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறதென்றால், குற்றம் பிள்ளையின் புத்தியில் இல்லை, போதிக்கிற முறையில் இருக்கிறது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

இது அற்ப விஷயம் என்று எண்ணுவோர் இருக்கலாம். படிப்பை முடித்த மலையக இளைஞர்களுள் எத்தனையோ பேர் நுவரெலியாவின் ஹோட்டல்களிலும், சுற்றுலாப் பயணிகளுக்கென மாற்றியமைக்கப்பட்ட பழைய துரை பங்களாக்களிலும், கொழும்பின் சாப்பாட்டுக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அங்கே அவர்கள் வாயில் முதன்முதல் வரவேண்டிய ஆங்கிலம் ஆகாரத்தைப் பற்றிய ஆங்கிலமே. 'சிக்கன்' என்றால் இறைச்சி, 'எ சிக்கன்' என்றால் முழுக்கோழி என்னும் பேதம் தெரியாமல் உத்தரவு எழுதிக்கொள்கிறவன், மேசைக்கு வந்தவரின் அதிருப்தியையும் முதலாளியின் கோபத்தையும் ஒருங்கே சம்பாதிக்கிறான். பரீட்சையில் இழப்பது ஒரு புள்ளி. தொழிலில் இழப்பது அதைவிட அதிகம்.

இனி, இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணத்தைப் பார்ப்போம். 'அரிசி மணிமணியாய் இருப்பதால் எண்ண முடியாது, முட்டையை எண்ணலாம், ஆகையால் ரைஸ் எண்ணத்தகாதது, எக் எண்ணத்தக்கது' என்பதே வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் சமாதானம். இது கேட்பதற்கு நியாயமாய்த் தோன்றினாலும் உண்மையன்று. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அன்றாடம் கொதிக்கும் மைசூர்ப் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'டால்' என்று சொன்னால் எண்ணத்தகாத பெயர். அதே பருப்பை, அதே சட்டியில், 'லென்டில்ஸ்' என்று சொன்னால் எண்ணத்தக்க பெயர், அதுவும் பன்மை. மணிகளின் பருமன் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை. சொல் மட்டுமே மாறிற்று. கோதுமை எண்ணத்தகாதது, ஓட்ஸ் பன்மை. ஸ்பகெட்டி எண்ணத்தகாதது, நூடில்ஸ் பன்மை. கடலையை எண்ண முடியுமென்றால் அரிசியை ஏன் எண்ண முடியாது என்று புத்திசாலியான ஒரு பிள்ளை கேட்குமானால், அந்தச் சமாதானத்தை நம்பியிருக்கும் உபாத்தியாயர் வாயடைத்துப் போவார். கேள்வி கேட்ட பிள்ளையோ, இந்தப் பாஷையில் நியாயம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

உண்மையில் இப்பேதம் பொருள்களில் இல்லை. பாஷை அப்பொருள்களை எவ்வாறு கையாளுகிறதென்ற வழக்கில் இருக்கிறது. டென்மார்க் தேசத்துப் பேராசிரியர் ஒட்டோ ஜெஸ்பர்சன் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், பெயர்களை எண்ணப்படுவன என்றும் திரட்பொருட் பெயர்கள் என்றும் வகுத்துப் பேசும்போது, இந்த வழக்கின் நெகிழ்ச்சியையும் விரிவாகக் காட்டினார். பட்டாணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 'பீஸ்' என்பது முற்காலத்தில் ஒருமைக்கும் திரளுக்கும் பொதுவாய் வழங்கிய சொல். அதன் ஈற்றிலுள்ள ஒலியைப் பன்மை விகுதியென்று ஜனங்கள் மயங்கியதனால், பதினேழாம் நூற்றாண்டளவில் 'பீ' என்ற புதிய ஒருமைச் சொல் பிறந்தது. அன்று ஆங்கிலேயர் செய்ததற்கு நேர்மாறானதை நாம் இங்கே லீக்ஸ் விஷயத்தில் செய்திருக்கிறோம். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி ஐரோப்பியப் பயிர்களைப் பயிரிட்ட காலந்தொட்டு அவ்வூர் மரக்கறிக்குப் பேர்போன ஊராயிற்று. அம்மரக்கறிகளுள் ஒன்றுக்குரிய லீக்ஸ் என்ற பன்மைச் சொல்லை அப்படியே ஒருமையாக வாங்கி, 'ஒரு லீக்ஸ்', 'ரெண்டு லீக்ஸ்' என்று நாம் புழங்குகிறோம். ஆகவே 'ஒன் லீக்ஸ்' என்று எழுதுகிற பிள்ளை கவனக்குறைவினால் எழுதவில்லை. தன் வீட்டில் கேட்டதை எழுதுகிறது. அதற்குச் சிவப்புக் கோடு மட்டும் போடுகிற ஆசிரியர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

பிள்ளையின் தாய்மொழி இவ்விஷயத்தில் என்ன சொல்கிறதென்று நம்மில் யாராவது கருதிப் பார்த்தோமா? 'அஞ்சு வாழைப்பழம்' என்று சொல்வதே தமிழுக்கு இயல்பு. அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கலாம் என்பதை நம் இலக்கணிகள் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பேரிட்டே ஓதினார்கள். எண் முன்னே நின்று பன்மையைத் தெரிவித்த பிறகு பெயரின் பின்னே 'கள்' வேண்டுவதில்லை. இந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளை 'ஃபைவ் பனானா' என்று எழுதினால், அது தன் பாஷையின் நியாயத்தை ஆங்கிலத்திற்குள் கொண்டுபோகிறது. அந்த நியாயத்தை முதலில் அங்கீகரித்து, 'உன் மொழியில் எண் ஒன்றே போதும்; ஆங்கிலத்தில் எண்ணும் வேண்டும், பெயரின் வாலில் ஓர் அடையாளமும் வேண்டும்' என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், ஒரு நாளில் விளங்கக்கூடியது ஒன்பது வருஷம் விளங்காமல் கிடக்க நியாயமில்லை.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. பொருள்களை அளக்கும் வழிகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்தவர்கள் நம் முன்னோர். எண்ணிக் கொடுப்பது ஒன்று. தராசில் எடுத்துக் கொடுப்பது ஒன்று. படியிலோ நாழியிலோ முகந்து கொடுப்பது ஒன்று. முழம் போட்டுக் கொடுப்பது ஒன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வருமென்று சொல்ல, உரைகாரர்கள் கலம், பானை, நாழி, அகல், உழக்கு என்று அளவுக்கும், கழஞ்சு, தொடி, பலம் என்று நிறைக்கும் உதாரணங் காட்டுவார்கள். சோற்றுக்குக் கவளம், கீரைக்குக் கட்டு, வாழைப்பழத்திற்குச் சீப்பு, பூண்டுக்குப் பல், தேங்காய்க்கு மூடி, தண்ணீருக்கு மிடறு என்று ஒவ்வோர் உணவுக்கும் உரிய அளவைச் சொல்லை நம் பாட்டிமார் ஒரு நாளும் தடுமாறாமல் பிரயோகித்து வந்தார்கள். ஆங்கிலத்தின் எண்ணத்தக்க பெயர் என்பது பெரும்பாலும் எண்ணலளவைக்கு உரியது. எண்ணத்தகாத பெயர் என்பது எடுத்தலுக்கும் முகத்தலுக்கும் உரியது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற வாசலைப் பூட்டிவைத்துவிட்டு, பிள்ளையை ஏன் ஊரைச் சுற்றி அழைத்துப் போக வேண்டும்?

எடுத்தலளவையை மலையகத்துப் பிள்ளையைப்போல் நெருக்கமாய் அறிந்த பிள்ளை வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். காலையிலே பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிற தாய், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறாள். கிள்ளுகிற விரலுக்கு எண்ணிக்கை தெரியும். ஆனால் தோளுக்கு மேலே வீசிக் கூடையில் விழுந்த கணமே அது எண்ணிக்கையை இழந்து கொழுந்து என்ற ஒரே பொருளாகிவிடுகிறது. கொழுந்துகள் என்று தோட்டத்தில் ஒருவரும் சொல்வதில்லை. கொழுந்து மடுவத்திலே தராசின் கொக்கியில் கூடை தொங்க, முள் அசைந்து நிற்கு முன்னரே கணக்கப்பிள்ளை இலக்கத்தைக் கூப்பிட, தண்ணீருக்கென்று ஒரு பங்கும் கூடைக்கென்று ஒரு பங்கும் கழித்த பிறகு மிஞ்சுகிற கிலோவை அவள் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கிறாள். மழை நாளில் அந்தக் கழிவு கூடும்போது அவள் முகம் எப்படி மாறுகிறதென்பதை, பாடசாலை விட்டு மடுவத்துக்கு ஓடிவந்து அவள் பக்கத்தில் நிற்கிற பிள்ளை பார்க்கிறது. நிர்ணயித்த அளவு, அது சில தோட்டங்களில் 18 கிலோ, சிலவற்றில் 20, வந்து சேர்ந்தால் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி; வராவிட்டால் அரைப்பேர். ஒரு முழு மனுஷியின் ஒரு நாள் உழைப்பு, அவள் நிறுத்த கொழுந்தின் பாரத்தைப் பொறுத்து, செக்ரோல் என்னும் வரவேட்டிலே பாதியாகிப் போவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, எண்ணிக்கைக்கும் நிறைக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. தோட்டத் துரைமாரின் ஆங்கிலமும் இதையே சொல்கிறது: 'லீஃப்' என்ற சொல் அகராதியிலே எண்ணத்தக்கது, தொழிற்சாலைக் கணக்கிலோ அது எண்ணத்தகாதது. இத்தனை கிலோ 'கிரீன் லீஃப்' வந்தது என்பார்களே ஒழிய 'லீவ்ஸ்' என்னமாட்டார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது.

ஆகாரமும் எங்கள் ஜனங்களுக்கு அளந்தே வந்தது. 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, நாட்கூலியோடு தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையும் சேர்த்தே பேசப்பட்டது. அந்த அரிசி புசல் கணக்கில் அளக்கப்பட்டது. பின்னர் இரண்டாம் உலக யுத்த காலத்தில் கூப்பன் அரிசி வந்தது. 1970களின் நடுப்பகுதியில் பங்கீடு சுருங்கித் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; ஒரு ராத்தல் மாவை எத்தனை ரொட்டியாகத் தட்டினால் எத்தனை வாய்க்குப் போதும் என்ற கணக்கை அவர்கள் யாரிடமும் படிக்கவில்லை. மாவை நிறுக்க வேண்டும், ரொட்டியை எண்ண வேண்டும். ஆங்கில இலக்கணமும் இந்த இடத்தில் அதைத்தான் கேட்கிறது: 'ஃப்ளவர்' எண்ணத்தகாதது, 'ரொட்டிஸ்' எண்ணத்தக்கது.

ஹட்டனுக்குச் சற்று அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஓர் ஆசிரியை இப்பாடத்தைப் போதித்த முறையை இங்கே விவரிக்க விரும்புகிறேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசைமேல் ஒரு ராத்தல் பாண், சில முட்டைகள், கடதாசியில் சுற்றிய ஒரு சீனிச் சரை, கொஞ்சம் கரட், ஒரு சீப்பு வாழைப்பழம் ஆகியவற்றைப் பரப்பி, ஒரு சிறுமியைக் கூப்பிட்டுக் கடையில் கேட்பதுபோலத் தமிழிலேயே கேட்கச் சொன்னார். 'ஒரு ராத்தல் பாண், கால் கிலோ சீனி, மூணு முட்டை' என்றாள் அவள். அம்மூன்றையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இவற்றுள் எது மற்ற இரண்டைப்போல் இல்லை என்று வினவினார். வகுப்பு சற்று நேரம் மௌனமாயிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பையன், 'டீச்சர், முட்டைக்கு மட்டுந்தான் நடுவுல ஒண்ணும் இல்ல' என்றான். அவ்வளவுதான், விதி வந்துவிட்டது. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ராத்தலோ கிலோவோ நிற்க வேண்டிய பொருள் ஒரு வகை. நடுவே ஒன்றும் வேண்டாத பொருள் மற்றொரு வகை. தமிழ் வரிசைக்கு எதிரே 'எ லோஃப் ஒஃப் பிரெட்', 'டூ ஹன்ட்ரட் அன்ட் ஃபிஃப்டி கிராம்ஸ் ஒஃப் சுகர்', 'த்ரீ எக்ஸ்' என்று அவர் எழுதியபோது, பிள்ளைகள் தாங்களே இரண்டையும் கோடிட்டு இணைத்தார்கள்.

அவர் அங்கே நிறுத்தாததே எனக்கு மிகவும் பிடித்தது. 'கரட்டையும் கிலோவிலதானே வாங்குறோம், டீச்சர்?' என்று ஒரு பிள்ளை கேட்டது. மிகச் சரியான ஆட்சேபம். கிலோவில் வாங்கினாலும் 'எ கிலோ ஒஃப் கரட்ஸ்' என்று வாலில் அடையாளம் வரும். 'எ கிலோ ஒஃப் ரைஸ்' என்பதில் வராது. சீப்பில் வாங்கினாலும் 'எ பஞ்ச் ஒஃப் பனானாஸ்' என்றே வரும். 'அரிசி மூணு' என்று நீ கேட்பாயா, 'கரட் மூணு' என்று கேட்பாய் அல்லவா என்று அவர் பதில் சொன்னார். அளவைச் சொல் வந்தபிறகும் பெயர் தன் வகுப்பை மறைக்காது என்ற நுட்பத்தை, பரீட்சை எழுதிப் பாஸான பெரியவர்களிலும் பலர் அறியார்.

பாண் என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ராத்தல் என்ற நிறையோ, மெட்ரிக் முறை வந்து பல தசாப்தங்கள் கழிந்தும் 450 கிராம் பாணின்மேல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்குப் போகிற எந்தப் பிள்ளையும் 'ராத்தல்', 'அரை ராத்தல்' என்று அதைக் கேட்டு வாங்கி வரும். அந்த அறிவை வகுப்பறை வாசலில் கழற்றிவைக்கச் சொல்லிவிட்டு, சீஸ், பாஸ்டா, ஒரேஞ்ச் ஜூஸ், சீரியல் என்று லயத்துக் காம்பராவில் ஒருநாளும் காணாத பதார்த்தங்களின் பட்டியலைக் கொடுத்து, இவற்றுள் எவை எண்ணத்தக்கவை என்று கேட்கும் அப்பியாசப் புத்தகங்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. கண்டறியாத பொருளைப் பற்றி, விளங்காத விதியின்படி, அந்நிய பாஷையில் விடை எழுதச் சொல்வது இலக்கணப் போதனையாகாது.

தேநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'டீ' எண்ணத்தகாதது என்று பாடத்தில் படித்த பிள்ளை, ஹோட்டல் மேசையில் ஒருவர் 'டூ டீஸ்' என்று கேட்பதைக் கேட்டுத் திகைக்கும். ஆனால் அது பிழையன்று. கோப்பையில் ஊற்றி வைத்தபின் கோப்பையே எண்ணப்படுகிறது. அப்படியே வகைகளைக் குறிக்கும்போதும் எண்ணலாம். 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் நடந்துவரும் தேயிலை ஏலத்தில் தரகர்கள் 'டீஸ்' என்றே பன்மையில் பேசுகிறார்கள். டிம்புள்ளைத் தேயிலை ஒன்று, நுவரெலியாத் தேயிலை ஒன்று, ஊவாத் தேயிலை ஒன்று. எந்தத் தேயிலையைத் தன் தாய் பறித்தாளோ அந்தத் தேயிலையின் பெயர் மடுவத்தில் ஒரு விதமாகவும், ஏலத்தில் ஒரு விதமாகவும், ஹோட்டல் மேசையில் ஒரு விதமாகவும் நடப்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'டூ டீஸ்' என்று எழுதிய விடைக்குச் சிவப்பு மைக் கோடு போடுவது அநியாயம்.

மலையகத்தாருக்கு ஆங்கிலம் வராது என்ற அபவாதத்தை நான் ஏற்கவில்லை. பூண்டுலோயாவுக்கு அருகே மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, கொழுந்தெடுக்கும் பெண்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி 1954ஆம் ஆண்டிலேயே நூலாகத் தந்தவர். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அரை நாள் வகுப்பும் ஓர் ஆசிரியருமாய் லயத்துக்குப் பக்கத்தில் நடந்த தோட்டப் பள்ளிக்கூடங்கள் 1970களில் அரசின் கைக்கு மாறத் தொடங்கிய பின்பும், ஆங்கில ஆசிரியர் இல்லாத குறை முற்றிலும் நீங்கவில்லை. இருக்கிற ஆசிரியர்களுக்கோ, தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தைத் தமிழின் வழியே விளக்கும் கைந்நூல் ஒன்றும் கையில் இருப்பதாக நான் அறியேன். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அத்தகைய கைந்நூலொன்றைத் தமிழில் எழுதுவிக்க வேண்டும். பட்டியலை மனனஞ் செய்விக்கு முன்னர், 'ஒரு ராத்தல்', 'ஒரு கிலோ', 'ஒரு கோப்பை' என்னும் அளவைத் தொடர்களை முதலில் போதிக்கும் ஒழுங்கை அதில் வகுக்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பயிலும் இளம் ஆசிரியர்களுக்குத் தமிழிலக்கணத்தின் நான்கு அளவைகளும் பால்பகா அஃறிணையும் ஆங்கிலப் போதனையின் அங்கமாகவே கற்பிக்கப்பட வேண்டும்.

அவை வரும்வரையில் காத்திருக்க அவசியமில்லை. வருகிற தவணையில் இப்பாடம் வரும் தினத்தன்று, புத்தகத்தைத் திறக்கு முன்னர், பக்கத்துக் கடையில் ஒரு தராசை இரவல் வாங்கி, ஒரு ராத்தல் பாணையும் நாலு முட்டையையும் ஒரு சரை சீனியையும் மேசைமேல் வைத்து, பிள்ளைகளைத் தமிழிலே கேட்கச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கும்படி மலையகத்து ஆங்கில ஆசிரியர்கள் யாவரையும் வினயமாகக் கேட்டுக்கொள்கிறேன்.